அக்காவை அதட்டுவதா, மெஷினுக்கே திரும்புவதா?

கேள்வி: ஒரு பனியன் கம்பெனியில் எட்டு வருடம் டெய்லராக இருந்தேன். இரண்டு மாதம் முன்பு லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். 18 மெஷின், ஹெல்பர், செக்கிங் சேர்த்து 26 பேர். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பேசிச் சிரித்தவர்கள் இப்போது நான் போனால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். வட்டக் கழுத்து டி-சர்ட்டுக்கு மணிக்கு 120 பீஸ் டார்கெட். 90-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டி) வைக்கும் அக்காதான் எனக்கு ஓவர்லாக் (துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் மெஷின்) பழக்கியவர். அவரே வேண்டுமென்று மெதுவாக ஓட்டுகிறாரோ என்று தோன்றுகிறது. மேனேஜர் எல்லோர் முன்பும் என்னைத் திட்டுகிறார், நான் லைனில் கத்துகிறேன். இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, பேசாமல் மெஷினுக்கே திரும்பிவிடவா?
— வாசகி, திருப்பூர்

பதில்: அக்காவைப் பற்றிய சந்தேகத்தை முதலில் ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் எண்களையே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 120 என்றால் 30 விநாடிக்கு ஒரு பீஸ் ஒவ்வொரு வேலையையும் தாண்டிப் போக வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் 36 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மணிக்கு 100-தான் வரும். நூல் மாற்ற, பீஸ் கட்டைப் பிரிக்க, தண்ணீர் குடிக்க என்று பத்தில் ஒரு பங்கு நேரம் போனால் மிச்சம் 90. மற்ற 17 மெஷினும் பறந்தாலும் லைன் 90-தான் கொடுக்கும். நீங்கள் கத்துவது பெரும்பாலும் அந்தப் பதினேழு பேர் காதில்தான் விழுகிறது. அவர்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

வட்டக் கழுத்து டி-சர்ட்டில் கழுத்து ரிப் வைப்பது அப்படி அடைத்துக்கொள்ளும் இடம் என்பது உங்களுக்கே தெரியும். ரிப் கழுத்தின் சுற்றளவைவிடச் சின்னது. சுற்றிலும் ஒரே அளவாக இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும். கட்டிங்கில் ரிப் அரை சென்டிமீட்டர் முன்பின் ஆனாலோ, எம் சைஸ் ரிப் எல் சைஸ் கட்டில் கலந்து வந்தாலோ ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் அலை அலையாக நிற்கும். நல்ல டெய்லர் அதைக் கையிலேயே உணர்ந்து வேகத்தைக் குறைப்பார். கவலைப்படாதவர் அடித்துத் தள்ளிவிடுவார், பீஸ் செக்கிங்கிலிருந்து ஆல்டராக, அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க, வந்து சேரும். உங்கள் அக்கா முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கே ஓவர்லாக் பழக்கியவர் இல்லையா?

நாளைக்கே பார்த்துவிடலாம். போனில் ஸ்டாப்வாட்ச் போதும். ஒரு பீஸைக் கையில் எடுப்பதிலிருந்து அடுத்த பீஸை எடுக்கும் வரை ஒரு கணக்கு. கட்டின் முதல் இரண்டு பீஸை விட்டுவிட்டு, அடுத்த பத்தைக் குறித்துச் சராசரி எடுங்கள். காலை பத்து மணிக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, ஐந்து மணி வாக்கில் ஒருமுறை. அக்காவை மட்டும் எடுத்தால் உளவு பார்ப்பதாகத்தான் ஆகும். 18 மெஷினையும் எடுங்கள். "டைம் எடுக்கறேன், வேகத்தைக் கூட்டாதீங்க, எப்பவும் ஓட்டற மாதிரியே ஓட்டுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நில்லுங்கள். எதிரே நின்றால் கை தானாகவே வேறு மாதிரி ஓடும்.

அடைப்பு கழுத்தில்தான் என்று தெரிந்தால் ஆளை விரட்டாமல் வேலையைப் பிரிக்க வேண்டும். 120-க்கு 30 பீஸ் குறைகிறது. அதே வேகத்தில் ஓட்டத் தெரிந்த இன்னொருவருக்கு அது மணிக்கு 20 நிமிட வேலை. லேபிள் வைப்பவருக்குப் பீஸுக்கு 15 விநாடி என்றால் 120 பீஸ் அரை மணியில் முடிந்துவிடும்; அவரிடம் 20 நிமிடம் இருக்கிறது. ஆனால் அவர் சிங்கரில் (நேர்த்தையல் மெஷினில்) உட்கார்ந்திருப்பவர். ஓவர்லாக் தெரியுமா, சும்மா நிற்கும் ஓவர்லாக் ஒன்று உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஹெல்பர் ஒருவரை அக்கா பக்கத்தில் போட்டு, ரிப்பையும் பாடியையும் சைஸ் பார்த்து ஜோடி சேர்த்து, சுற்றளவை நான்காகப் பிரித்து நான்கு இடத்திலும் மார்க் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஊசி ஓடும் நேரத்தைவிட எடுத்துப் பொருத்தி வைக்கும் நேரம்தான் அதிகம், குறைவது அதுதான். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கழுத்து சரியானதும் 120 வந்துவிடாது. 105-ல் போய் நிற்கலாம், அடைப்பு பாட்டம் (கீழ் ஓரம்) மடிக்கும் பிளாட்லாக் மெஷினுக்கு நகர்ந்திருக்கலாம். திரும்பவும் ஸ்டாப்வாட்ச்தான்.

அக்காவிடம் பேச வேண்டியது மரியாதையைப் பற்றி அல்ல, ரிப்பைப் பற்றி. "அக்கா, எந்தக் கட்டுல ரிப் இழுக்குதுன்னு எடுத்து வெச்சுருங்க, நான் கட்டிங்ல காட்டிட்டு வர்றேன்" என்று கேளுங்கள். எடுத்து வைத்ததைக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டும் வாருங்கள். சொன்னது நடக்கிறது என்று ஒருமுறை தெரிந்தால் போதும், அடுத்த பிரச்சினையை அவரே கூப்பிட்டுச் சொல்வார்.

கத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது மனம் புண்படும் விஷயம் மட்டும் இல்லை. ஊசி உடையும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸை எல்லாம் நிறுத்திச் சோதிக்க வேண்டும். திட்டு விழும் லைனில் என்ன நடக்கும்? உடைந்ததை மறைத்து, பக்கத்து ஆளிடம் ஊசி வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். துண்டு துணியோடு போகும். குழந்தைகள் உடுப்பில் அது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஊசி உடைந்ததென்று கை தூக்கியவரை எக்காரணம் கொண்டும் திட்டாதீர்கள், அன்றைக்கு டார்கெட் போனாலும் சரி.

தையல் விட்டுப் போனாலும் டெய்லர் மேல் பாயாதீர்கள். ஊசி வளைந்திருக்கலாம், லூப்பர் (அடியில் நூலைக் கோக்கும் கொக்கி) டைமிங் தப்பியிருக்கலாம், நூல் சரியில்லாமல் இருக்கலாம். பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தவறு இருக்கும் இடத்தை விரலால் காட்டி, அதே மெஷினில் இன்னொரு பீஸ் ஓட்டிப் பாருங்கள். திரும்பவும் விட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கைத் தவறுதான் என்றால் அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னால் போதும். ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் லைனில் இருந்தால் குரலைக் கூட்டினால் மொழி புரிந்துவிடாது. அப்ரூவல் சாம்பிளை (இப்படித்தான் வர வேண்டும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி பீஸை) காட்டி, ஒரு பீஸ் தைத்துக் காட்டி, உங்கள் எதிரில் ஒன்று தைக்கச் சொல்லுங்கள். பாத்ரூமுக்குப் போக டோக்கன் போடும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள். சம்பாதித்துக் கொடுப்பது பகைதான், பீஸ் இல்லை.

மேனேஜருக்கு வருவோம். மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் போர்டில் வெறும் 84 என்று எழுதினால் அது உங்கள் தலையில்தான் விழும். "84, ஓவர்லாக் 20 நிமிடம் நின்றது" என்று காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்பது தானாகத் தெரியும். அந்தத் தாளோடு காலையில், லைன் ஓடத் தொடங்குவதற்கு முன்பு அவரைப் பாருங்கள். அவர் கோபமாக இருக்கும் மாலையில் அல்ல. புது ஸ்டைல் (வேறு மாடல் உடுப்பு) லைனில் ஏறும் நாளில் முழு டார்கெட்டை ஒப்புக்கொண்டு வராதீர்கள்: முதல் நாள் எவ்வளவு, மூன்றாம் நாள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். திட்டு ஆபாசமாகப் போனால் அது வேறு விஷயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அங்கே எழுத்தில் கொடுங்கள்.

பேச்சை நிறுத்திக்கொள்ளும் தோழிகள்? சாப்பாட்டு நேரத்தில் அவர்களோடே உட்காருங்கள், டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்ளுங்கள். அதில் தப்பே இல்லை. லைன் கவனிப்பது லீவு, ஓவர்டைம், நல்ல மெஷின் ஆகிய மூன்றும் யாருக்குப் போகிறது என்பதைத்தான். ஒரு நோட்டில் பெயர் வரிசை போட்டு முறை வைத்துக் கொடுங்கள், யார் கேட்டாலும் நோட்டைக் காட்டுங்கள். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். அந்தக் கணக்கு சரியாக ஏறியதா என்று சம்பளத்துக்கு முன்னால் நீங்களே பார்த்துவிட்டால், பழைய சிநேகிதத்துக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

உங்களைப் போலத் தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சபலம் உண்டு. பீஸ் தேங்கியதும் நீங்களே மெஷினில் உட்கார்ந்துவிடுவீர்கள். கை வேகமாகத்தான் ஓடும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் ஃபீடிங் (தைக்க வேண்டிய அடுத்த கட்டு) வந்ததா, சைஸ் கலந்ததா என்று பார்க்க ஆளிருக்காது. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போவதைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம். கையில் இருக்கும் ஆர்டரும் அடுத்த ஸ்டைலும் முடியட்டும். அதற்குப் பிறகும் மெஷின்தான் பிடிக்கிறது என்றால் தாராளமாகப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. போவதற்கு முன் பழைய கிரேடும் சம்பளமும் குறையாது என்று பர்சனல் ஆபீசில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.