கைப்பிடியில் லைக்கன்: கம்பி பிரஷ் வேண்டாம்

பால்கனி மரக் கைப்பிடியின் மேல்பக்கம் மட்டும் சாம்பல் பச்சைத் திட்டுகள், நடுவில் ஆரஞ்சு. மரத்தை அரிக்குமா, கம்பி பிரஷ்ஷால் சுரண்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள்.

இது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். வேர் கிடையாது. உள்ளே இருக்கும் பாசி வெயிலில் சமைத்துத் தருவதுதான் சாப்பாடு. மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சை வேறு. சந்தேகமிருந்தால் திட்டின் ஓரத்தில் ஊசியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால்தான் கவலை.

மேல்பக்கம் மட்டும் ஏன்? அங்கேதான் வெயிலும் மழையும் வார்னிஷை முதலில் கரைத்து, மரநார் சிலிர்த்து நிற்கும். காற்றில் வரும் லைக்கனின் மாவு போன்ற துகள் அந்த இடுக்கில் சிக்கினால் போதும். பிறகு வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அகலம் என்றால் பல வருடக் குடியிருப்பு! ஆரஞ்சு நிறத்தது பெரும்பாலும் ஸாந்தோரியா என்ற லைக்கன் வகையாக இருக்கும். வாகனப் புகையின் அம்மோனியாவும் பறவை எச்சமும் அதற்கு உரம் மாதிரி. கந்தகப் புகை மிகுந்த இடத்திலோ பல லைக்கன்கள் பிழைக்காது. பாரிஸ் லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன்களைப் பார்த்து, இவை காற்றின் சுத்தத்தைக் காட்டும் என்று 1866-லேயே தாவரவியலாளர் நைலாண்டர் எழுதிவிட்டார்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் நனைத்து ஊறவிடுங்கள் (சாம்பல் திட்டு கண்ணெதிரே பச்சையாவதைப் பாருங்கள், அழகு), பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டையால் நார் ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். கம்பி பிரஷ் நாரைக் கிளப்பி, அடுத்து வருவதற்கு இடம் போட்டுக் கொடுக்கும். என் பெஞ்சில் நான் செய்த தப்பு அதுதான்.