பதில்: டுரியானைப் பலாப்பழம் என்று சொல்லும் மாடல்

உயர்நிலை 1 படிக்கும் உங்கள் மகள், படத்தைப் பார்த்துப் பழத்தின் பெயரைச் சொல்லும் கணினி மாடல் ஒன்றைப் பயிற்றுவித்ததாகவும், அது டுரியானைப் பலாப்பழம் என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பயிற்சிக்கு டுரியானைச் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையிலும் பலாப்பழத்தை வீட்டு மேசையிலும் படமெடுத்தாராம். கோளாறு அங்கேதான். அந்த மாடலுக்குள் இருக்கும் நியூரல் நெட்வொர்க்குக்கு (படங்களைப் பார்த்துப் பழகும் கணிப்பு முறை) பழம் எது, பின்னணி எது என்று தெரியாது. தவறு குறையும்வரை உள்ளே இருக்கும் எடைகளை, அதாவது விடையைத் தீர்மானிக்கும் எண்களை, மாற்றும், அவ்வளவுதான். மேசையை வைத்தே விடை சரியாக வந்தால், முள்ளைக் கவனிக்க அதற்கு அவசியமில்லை.

டுரியானை மேசையில் வைத்துக் காட்டுங்கள். மாடல் ‘பலா’ என்றால், அது மேசையைப் பார்த்துத்தான் சொல்கிறது என்பது ஏறக்குறைய உறுதி.

இரண்டு பழங்களையும் ஒரே நான்கைந்து இடங்களில், வெவ்வேறு வெளிச்சத்தில், வகைக்கு 60 படம் எடுக்கச் சொல்லுங்கள். வேறோர் இடத்தில் எடுத்த 10 படங்களைப் பயிற்சியில் சேர்க்காமல் சோதனைக்கு ஒதுக்குங்கள். ‘இரண்டுமில்லை’ என்று மூன்றாம் வகையும் வேண்டும். இல்லாவிட்டால் செருப்பைக் காட்டினாலும் ஏதோ ஒரு பழத்தின் பெயரைத்தான் சொல்லும். பயிற்சிச் சுற்றை (எல்லாப் படங்களையும் மாடல் ஒருமுறை பார்ப்பது ஒரு சுற்று) 50லிருந்து 500 ஆக்குவது வீண். அதே மேசையை இன்னும் நன்றாக மனப்பாடம் செய்யும்.