இலக்கணத்தைவிட வாதம்தான் முக்கியம்

ஆகஸ்டில் அமெரிக்கக் கல்லூரியில் சேரப்போகிறேன், முதல் செமஸ்டரிலேயே கட்டாய எழுத்து வகுப்பு, பத்தாவது வரை தமிழ் வழி, என் ஆங்கில இலக்கணத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே பயத்தோடு போனவன்தான்.

என் முதல் கட்டுரை திரும்பி வந்தபோது இலக்கணத் திருத்தம் கொஞ்சம்தான். ஓரத்தில் திரும்பத் திரும்ப இருந்தது, “சரி, உன் வாதம் என்ன?” முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு குறள் என்று பழகிய கை அல்லவா! அங்கே, யாராவது மறுக்கக்கூடிய ஒரு கருத்தைத் தொடக்கத்திலேயே வைக்க வேண்டும். ‘செல்போனில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’ என்றால் யார் மறுப்பார்கள்? ‘பள்ளியில் செல்போனைத் தடை செய்தால் அவதிப்படுவது வேலைக்குப் போகும் பெற்றோர்தான்’ என்று எழுதுங்கள். சண்டைக்கு ஆள் வரும். அதுதான் வேண்டும்.

ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதும் பெரும்பாலும் இருக்காது. வரைவு, சக மாணவர் கருத்து, திருத்தம் என்று இழுப்பார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் ரைட்டிங் சென்டர், அதாவது கட்டுரை எழுத உதவும் மையம், உண்டு, மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. பிழை திருத்தித் தரமாட்டார்கள், கேள்வி கேட்டே குடைவார்கள். அப்புறம், பிறர் கருத்தைச் சொந்த வார்த்தையில் மாற்றி எழுதினாலும் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏஐ பயன்படுத்தலாமா என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், வகுப்பு விதிகளோடு ஆசிரியர் தரும் சிலபஸில் பாருங்கள்.

முதல் கட்டுரைத் தலைப்பு கிடைத்ததும் இங்கே போடுங்கள், பேசலாம்.