நிக்கான் டிஎஸ்எல்ஆரிலிருந்து மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் பழைய லென்ஸ்கள் வீணாகிவிடுமா?

பெரும்பாலும் வீணாகாது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மாட்டும் வளையமான எஃப் மவுண்ட்டுக்கும் படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம், மிரர்லெஸ்ஸின் இசட் மவுண்ட்டில் 16 மி.மீ.தான். மிச்சமுள்ள 30.5 மி.மீ. இடைவெளியை, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் நிக்கானின் எஃப்டிஇசட் (FTZ) அடாப்டர் நிரப்பிவிடுகிறது. அதன் உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறையாது.

ஆனால் லென்ஸைக் கழற்றி, பின்பக்க உலோக வளையத்தை ஒருமுறை பாருங்கள். திருகாணித் தலை போல ஒரு சின்னப் பிளவு தெரிந்தால், அது கேமராவின் மோட்டாரை நம்பி ஃபோகஸ் செய்யும் பழைய வகை. எஃப்டிஇசட்டில் மோட்டார் கிடையாது, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

நிக்கானை விட்டுவிட்டு கேனானுக்கே போவதென்றால் ஜூம் வளையம் எதிர்த்திசையில் சுழலும். பறக்கும் பறவையைத் துரத்தும்போது இந்தத் தடுமாற்றம் உண்மையிலேயே வலிக்கும். என்னைக் கேட்டால், இப்போதைக்கு நிக்கான் மிரர்லெஸ் பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) அடாப்டரும் போதும். அப்புறம் அதிகம் பயன்படுத்தும் லென்ஸை மாற்றலாம்.