பர்த்டேக்கு தீம் வச்சு ஸ்லைம் பண்ணலாமா, அதுவும் போராக்ஸ் போடாம?

ஆறு வயசு பொண்ணோட பர்த்டேக்கு பசங்களையே ஸ்லைம் பண்ண விடணும், ஏதாவது தீம் வேணும், மூணு வயசு வாண்டுங்களும் வருவாங்க, போராக்ஸ் இல்லாம முடியுமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா முடியும்ங்க. எங்க அபார்ட்மெண்ட்ல (திருச்சி) லீவு விட்டா பசங்க எல்லாம் எங்க வீட்டு பால்கனிலதான் இருப்பாங்க, அதனால இத நெறைய செஞ்சு பாத்தாச்சு.

தீம்னு சொன்ன உடனே பெரும்பாலும் என்ன பண்றாங்க, எல்லாத்துக்கும் ஒரே பசை ஸ்லைம், அதுல நீலத்த ஊத்தி ஜிகினா தூவினா கடல், கருப்ப ஊத்தினா விண்வெளி. பசங்களுக்கு அது அஞ்சு நிமிஷம்தான் புதுசா இருக்கும். கலர விட அது கைல எப்படி நடந்துக்குதுன்றதுதான் முக்கியம். வழுக்கணுமா, இறுகணுமா, மெதுவா வழியணுமான்னு யோசிச்சு அதுக்கு ஏத்த பொருள எடுத்தீங்கன்னா கதை தானா வந்துடும், பசங்களே சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க.

மொதல்ல போராக்ஸ் விஷயத்த முடிச்சிடறேன். பசைக்குள்ள நீள நீளமா சங்கிலி மாதிரி மூலக்கூறுகள் இருக்கு, போராக்ஸ்ல இருந்து வர்ற போரேட் போய் அதுங்களுக்கு நடுவுல அங்கங்க முடிச்சு போடுது, அந்த முடிச்சு அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடி விழும், அதனாலதான் மெதுவா இழுத்தா நீளுது, வெடுக்குனு இழுத்தா அறுந்துடுது. போராக்ஸ்னா வேற ஒண்ணும் இல்ல, நாட்டு மருந்து கடைல வெண்காரம்னு கேட்டா குடுக்கறது அதான். நாட்டு மருந்துதானேன்னு குழந்தை கைல குடுத்துடாதீங்க. அது உடம்புக்குள்ள போனா இனப்பெருக்கத்த பாதிக்கலாம்னு 2010லயே ஐரோப்பிய யூனியன்ல ரொம்ப கவனமா கையாள வேண்டிய பொருள் பட்டியல்ல சேத்துட்டாங்க. இன்னொண்ணு, "போராக்ஸ் ஃப்ரீ"ன்னு போட்டு வர்ற வீடியோல முக்காவாசி கான்டாக்ட் லென்ஸ் சொல்யூஷன் ஊத்துவாங்க, அதுல இருக்கறதும் போரிக் ஆசிடும் போரேட்டும்தான், அளவு கம்மி அவ்ளோதான். அதனால மூணு வயசு குழந்தைக்கு ரெண்டுமே வேணாம், அதுங்க கை வாய்க்கு போகாம இருக்காது.

சின்ன வாண்டுகளுக்கு என்னோட ஃபேவரிட் தவளைக் குளம். சப்ஜா விதை ரெண்டு டேபிள்ஸ்பூன், தண்ணி ரெண்டு கப், அரை மணி நேரம் ஊற விடுங்க. ஒவ்வொரு விதையும் கருப்பு புள்ளியா நடுவுல நிக்க, சுத்தி சாம்பல் கலர்ல கண்ணாடி மாதிரி ஒரு ஜெல்லி உருண்டை வந்துடும், நிஜ தவளை முட்டை அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். அப்புறம் அதுலயே ஒரு ஸ்பூன் இசப்கோல் (மலச்சிக்கலுக்கு தண்ணில கலந்து குடிப்பாங்களே, அந்த உமி) தூவி கலக்கி வச்சிட்டீங்கன்னா கொஞ்ச நேரத்துல குளமே தளதளன்னு ஆகிடும். அடுப்பே தேவையில்ல. ஒரு துளி பச்சை ஃபுட் கலர், மிதக்க ரெண்டு இலை, பிளாஸ்டிக் தவளை, போதும். விரல விட்டு ஒரு முட்டைய மட்டும் பிடிக்க பாப்பாங்க, அது நழுவி நழுவி ஓடும், திரும்ப பிடிப்பாங்க, "அத்தை இது உள்ள கண்ணு தெரியுது"ன்னு ஒரு குட்டி பாப்பா தட்டுக்குள்ள மூக்க விட்டு பாத்துட்டே இருந்துச்சு. அப்ப சொல்லுங்க, அந்த கருப்பு புள்ளிதான் தலைப்பிரட்டையா மாறி வெளிய வரும், நம்ம ஊர் மரத்தவளை ஒண்ணு தண்ணிக்கு மேல இருக்கற கிளைல நுரையாலயே கூடு கட்டி முட்டை போடும்னு. உடனே நுரை வேணும்னு கேப்பாங்க, சீயக்காய் இல்லன்னா ஷாம்பூ கொஞ்சம் அடிச்சு ஒரு ஓரத்துல வச்சு குடுங்க (அதுக்கப்புறம் வாய்ல வைக்காம பாத்துக்கணும்). இதுல ஒரே ஒரு எச்சரிக்கை, ஊறாத சப்ஜாவும் காஞ்ச இசப்கோலும் குழந்தை கைக்கு எட்டவே கூடாது, தொண்டைல போய் ஊதி அடைச்சுக்கும். ஊற வைக்கிற வேலைய பெரியவங்க முன்னாடியே முடிச்சிடுங்க.

அடுத்தது கார்ன்ஃப்ளார். வெள்ளையா நறநறன்னு இருக்குமே அது, மஞ்சளா இருக்கற மக்காச்சோள மாவு இல்ல. ரெண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணி, கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், தட்டினா கல்லு மாதிரி இருக்கணும், சும்மா விட்டா வழியணும், அதான் பதம். இத நெறைய பேர் புதைமணல் தீம்னு வைக்கறாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல, ஏன்னா நிஜ புதைமணல் நேர் எதிர், அசைக்க அசைக்க இளகும், இது அழுத்த அழுத்த இறுகும். குழந்தைக்கு தப்பா பதிஞ்சிடும். அதுக்கு பதிலா நாங்க அரியலூர் வச்சோம். அந்த பக்கம் எல்லாம் டைனோசர் காலத்துல கடலா இருந்த இடம், அம்மோனைட்னு சுருள் சுருளா ஓடு உள்ள கடல் பிராணியோட புதைபடிவம் அங்க கிடைக்குது, வாரணவாசில அதுக்குன்னே மியூசியமும் இருக்கு. டீத்தூள் டிகாக்ஷன்ல மாவ கலந்தா மண்ணு கலர் வந்துடும், அடில சிப்பி, சங்கு, சுருள் நத்தை ஓடு எல்லாம் புதைச்சு வச்சிடுங்க. பசங்க அவசரப்பட்டு பிடிச்சு இழுப்பாங்க, மாவு இறுகி கைய விடாது. மெதுவா, ரொம்ப மெதுவா இழுத்தா மட்டும்தான் வழுக்கிட்டு வெளிய வரும். ஆராய்ச்சி பண்றவங்க ஏன் பிரஷ் வச்சு அவ்ளோ பொறுமையா தோண்டுறாங்கன்னு யாரும் சொல்லாமலே புரியும். எட்டு வயசு பையன் ஒருத்தன் எப்பவும் ஒரு இடத்துல உக்கார மாட்டான், அன்னிக்கு மூச்ச பிடிச்சுட்டு ஒரு சங்க எடுத்தான் பாருங்க, அவங்கம்மா வீடியோ எடுத்து குடும்ப குரூப்ல எல்லாம் போட்டாங்க.

நல்லா இழுபடற ஒரிஜினல் ஸ்லைம்தான் வேணும்னு உங்க பொண்ணு அடம் பிடிச்சா ஆறு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும் தனியா ஒரு மேஜைல, நீங்க பக்கத்துலயே இருந்து பண்ணுங்க. பிவிஏ (மேல சொன்ன அந்த நீள சங்கிலி மூலக்கூறு) உள்ள ட்ரான்ஸ்பரண்ட் பசை அரை கப், தண்ணி அரை கப், சமையல் சோடா அரை டீஸ்பூன், நல்லா கலக்கிட்டு லென்ஸ் சொல்யூஷன் ஒரு டேபிள்ஸ்பூன் கொஞ்சம் கொஞ்சமா. லேபிள்ல போரிக் ஆசிட் இருக்கான்னு பாத்து வாங்குங்க, இல்லாததும் வருது, அத எவ்ளோ ஊத்தினாலும் பசை பசையாவேதான் இருக்கும். சோடா எதுக்குன்னா காரத்தன்மை ஏறினாதான் போரிக் ஆசிட் போரேட்டா மாறி முடிச்சு போடும். கைல காயம், சொறி இருக்கற குழந்தைக்கு குடுக்காதீங்க. இதுக்கு பாக் விரிகுடா தீம் வைங்க, 2022ல தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல் பக்கம் 448 சதுர கிலோமீட்டர கடல்பசுவுக்காக பாதுகாப்பு பகுதியா அறிவிச்சாங்க, இந்தியாவுலயே அதான் முதல். ஒரே ஒரு துளி நீலம், பச்சை சாட்டின் ரிப்பன மெல்லிசா வெட்டி கடல்புல், களிமண்ணுல ஒரு கடல்பசு. கடல்பசு புல்ல மேஞ்சிட்டு போன வழி தரைல கோடா தெரியுமாம், விரலால அந்த கோட்ட போட சொல்லுங்க, ஸ்லைம் மெதுவா வந்து மூடும், மறுபடி போடுவாங்க. மொத நாளே பண்ணி டப்பால மூடி வச்சிட்டீங்கன்னா உள்ள இருக்கற குமிழ் கொறஞ்சு ஓரளவு தெளிவா ஆகிடும். ஜிகினா வேணாம்ங்க, அது பொடி பிளாஸ்டிக்தான், ஐரோப்பால 2023 அக்டோபர்ல இருந்து உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விக்கவே தடை.

பசையே இல்லாம ஸ்லைமான்னு வீட்ல யாராவது கேட்டா சொல்லுங்க, 1976ல மேட்டல்னு ஒரு அமெரிக்க பொம்மை கம்பெனி குட்டி பிளாஸ்டிக் குப்பைத்தொட்டில அடைச்சு பச்சையா ஒரு ஸ்லைம் வித்தாங்க, அதோட அடிப்படையே கொத்தவரை விதைல இருந்து எடுக்கற கோந்துதான்.

விளையாட்ட கேக் வெட்றதுக்கு முன்னாடியே வச்சிடுங்க, முடிஞ்சதும் எல்லாரும் சோப்பு போட்டு கை கழுவிட்டு அப்புறம் சாப்பாடு. ஆளுக்கு ஒரு தட்டு, கீழ பழைய பேப்பர், பழைய டீஷர்ட். பசை ஸ்லைம் துணில ஒட்டினா வினிகர் ஊத்தி கொஞ்ச நேரம் விட்டு தேச்சா இளகிடும், முடில ஒட்டினா தேங்காய் எண்ணெய். சப்ஜா குளம் அன்னிக்கே முடிஞ்சிடணும், நம்ம வெயிலுக்கு வெளிய வச்சா மறுநாள் வாடை வந்துடும். முக்கியமா கார்ன்ஃப்ளார சிங்க்ல கொட்டிடாதீங்க, அடில படிஞ்சு குழாய அடைச்சுக்கும், தட்டோட வெயில்ல வச்சா காஞ்சு பொடியாகிடும், அள்ளி குப்பைல போடுங்க.