அமெரிக்க காங்கிரஸ் தேர்தலில் நிற்கும் முற்போக்கு வேட்பாளர்கள் எதற்கு முன்னுரிமை தருகிறார்கள்? அதில் ஏதாவது நடந்திருக்கிறதா?

பொதுப்படையாகச் சொன்னால் கட்சித் துண்டறிக்கை படிப்பது போல ஆகிவிடும். நான் கிட்ட இருந்து பார்த்த ஒருவரை வைத்தே சொல்கிறேன்: பிரமிளா ஜெயபால். சென்னையில் பிறந்த மலையாளி. 16 வயதில் படிக்க அமெரிக்கா வந்தவர். 2016-இல் வாஷிங்டன் மாநிலத்தின் 7-ஆவது தொகுதியில் நின்று ஜெயித்தார். இந்தியாவில் பலருக்கு அவர் பெயர் 2019 டிசம்பரில்தான் தெரிய வந்தது. காஷ்மீர் தீர்மானம் கொண்டுவந்த அவர் இருக்கும் கூட்டத்துக்கு வர மாட்டேன் என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் மறுத்த சமயம் அது. இங்கே சியாட்டிலில் அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் காஷ்மீர் வராது. சம்பளமும் இன்சூரன்சும்தான் வரும்.

நான் இருப்பது சியாட்டிலுக்கு வடக்கே ஷோர்லைனில், அவருடைய தொகுதிக்குள். (பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் அவரைத் தங்கள் உறுப்பினர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடையது வேறு தொகுதி.) எச்1பி விசாவில் இருப்பதால் எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் இந்த மாநிலத்தில் தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வீடு தபாலில் ஒரு வாக்காளர் கையேடு வரும். ஒவ்வொரு வேட்பாளரும் தன் கொள்கையைத் தானே எழுதியிருப்பார். ஓட்டு இல்லாவிட்டாலும் அதை நான் விடாமல் படிப்பேன்.

2016 போட்டியில் ஒரு விசேஷம் உண்டு. இங்கே முதல் சுற்றில் கட்சி பேதமில்லாமல் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களே நவம்பரில் மோத வேண்டும். அந்த முறை மிஞ்சிய இருவருமே ஜனநாயகக் கட்சி: ஜெயபால், பிரேடி வாக்கின்ஷா. எதிர்க்கட்சியைத் திட்டி ஓட்டு வாங்க வழியில்லை. யார் எதை முதலில் வைக்கிறார் என்பதுதான் போட்டியே. முற்போக்கு செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஆதரவோடு நின்ற ஜெயபால் சுமார் 56 சதவீத ஓட்டு வாங்கினார்.

அவர் பேசியவற்றில் குறைந்தபட்ச ஊதியம் முக்கியமானது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர். சியாட்டில் நகரம் 2014-இல் 15 டாலர் என்று சட்டம் போட்டது. அதற்குப் பேச்சுவார்த்தை நடத்த மேயர் அமைத்த குழுவில் ஜெயபாலும் இருந்தார். ஊரில் செய்து பார்த்ததை நாட்டுக்குக் கேட்டார் என்பதால் அந்த வாக்குறுதிக்கு ஒரு எடை இருந்தது. 2019-இல் பிரதிநிதிகள் சபை 15 டாலர் மசோதாவை 231-199 என்று நிறைவேற்றியது. செனட் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. 2021-இல் செனட்டில் வேறு வழியாகக் கொண்டுவந்தபோது 42-58 என்று தோற்றது.

கல்லூரிக் கட்டணம் பற்றி: 2017-இல் சாண்டர்ஸோடு சேர்ந்து மசோதா கொண்டுவந்தார். ஆண்டு வருமானம் 1,25,000 டாலர் வரை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரியில் கட்டணம் கிடையாது. பணத்துக்குப் பங்குச் சந்தை வர்த்தகத்தின் மேல் சிறு வரி. அது நகரவில்லை.

ஆனால் அவர் பெயர் நிற்கப்போவது மருத்துவக் காப்பீட்டில்தான். அதற்கு முன் இந்த ஊர் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். இங்கே 65 வயதுக்குக் கீழே உள்ள பெரும்பாலோருக்கு இன்சூரன்ஸ், வேலை பார்க்கும் கம்பெனி வழியாகத்தான் வருகிறது. யாரும் உட்கார்ந்து யோசித்து வகுத்த திட்டமல்ல இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், சம்பளத்தை உயர்த்த அரசு தடை போட்டது. ஆள் பிடிக்க முடியாத கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவச் சலுகை கொடுத்தன. பிறகு வரிச் சட்டமும் அதை ஊக்குவித்தது. அப்படியே நிலைத்துவிட்டது. சம்பளம், மருத்துவம், நம்மைப் போன்றவர்களுக்கு விசா என்று எல்லாவற்றையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆணி பிடுங்கிக்கொண்டதை என் நண்பர் வீட்டில் பார்த்தேன். மனைவி ஏழு மாத கர்ப்பம், இவருக்கு வேலை போய்விட்டது. விசா விதிப்படி அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. தொடர வேண்டுமானால் கோப்ரா என்ற ஏற்பாடு உண்டு. அதில் கம்பெனி இதுவரை கட்டிய பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் நாமே கட்ட வேண்டும், மேலே 2 சதவீதம் வரை நிர்வாகச் செலவு வேறு. சம்பளம் நின்ற மாதத்தில்தான் அந்தக் கடிதம் வரும். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் கடிதத்தோடு, மேலே 'இது பில் அல்ல' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த இன்சூரன்ஸ் தாள்களும் கிடந்தன. எது கட்ட வேண்டியது, எது வெறும் தகவல் என்று பிரித்து அடுக்கவே ஒரு மாலை முழுக்கப் போனது. இருவருமே படித்த என்ஜினியர்கள். இரண்டு இடத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறவர் இதை எப்படிச் சமாளிப்பார்?

ஜெயபால் 2019 பிப்ரவரியில் கொண்டுவந்த 'மெடிகேர் ஃபார் ஆல்' மசோதா அந்த ஆணியைக் கழற்றச் சொல்கிறது. முதியோருக்கு இருக்கும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டை எல்லாருக்கும் விரிக்க வேண்டும். பிரீமியம் இல்லை, டாக்டரிடம் போகும்போது கையிலிருந்து கட்டுவதும் இல்லை. நீண்டகாலப் பராமரிப்பும் உண்டு. நூறு உறுப்பினர்களுக்கு மேல் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். அதே தொகுதியில் அவருக்கு முன் இருந்த ஜிம் மெக்டெர்மாட் ஒரு மனநல மருத்துவர். அவரும் இப்படிப்பட்ட மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தவர்தான்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. சாண்டர்ஸின் இதே போன்ற மசோதாவுக்கு 10 ஆண்டுகளில் 32.6 டிரில்லியன் டாலர் கூடுதல் அரசுச் செலவாகும் என்று மெர்கேட்டஸ் என்ற ஆய்வு மையம் 2018-இல் கணக்கிட்டது. பயமுறுத்தும் தொகைதான். ஆனால் அந்த ஆண்டே இந்த நாடு மருத்துவத்துக்கு 3.6 டிரில்லியன் செலவழித்துவிட்டது. பெரும்பகுதி பிரீமியமாகவும் வரியாகவும் ஏற்கெனவே நம்மிடமிருந்து போகிற பணம். எனக்கு உள்ள ஆட்சேபம் வேறு. எல்லாரையும் இரண்டே ஆண்டில் மாற்றிவிடலாம் என்கிறது ஜெயபாலின் மசோதா. கம்பெனி இன்சூரன்சில் இருப்பவர்கள் மட்டும் 15 கோடிக்கு மேல். சாண்டர்ஸ் கேட்கும் நான்கு ஆண்டுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

குடியேற்றக் கொள்கையில் நம்மவர்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆண்டு ஒதுக்கீட்டில் எந்த நாட்டவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்ற உச்சவரம்பில் இந்தியர்கள் வருஷக்கணக்காக நிற்கிறோம். ஜெயபால் அகதிகளையும் தடுப்புக் காவலில் இருப்பவர்களையும்தான் முதலில் பேசுகிறார் என்பார்கள். நானும் அதே வரிசையில்தான் நிற்கிறேன். ஆனாலும் அவர் வரிசைப்படுத்தியது சரி என்றே சொல்வேன். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்களும் அரபியர்களும் தெற்காசியர்களும் குறிவைக்கப்பட்டபோது அவர்களுக்காக அமைப்பு தொடங்கிப் பொதுவாழ்வுக்கு வந்தவர் அவர். 2018 ஜூனில் எல்லையில் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கப்பட்ட தாய்மார்களை, சியாட்டில் பக்கத்திலுள்ள சீடாக் சிறைக்குள் போய்ப் பார்த்தார். பிள்ளையைத் தொலைத்தவள் முன்னால் என் கிரீன் கார்டு காத்திருக்கலாம்.

நடந்தது என்ன? 2022-இல் வந்த சட்டம் மெடிகேரில் இருப்பவர்களுக்கு இன்சுலின் செலவை மாதம் 35 டாலருக்குள் கட்டியது. சில மருந்துகளுக்கு அரசே விலை பேசவும் அதிகாரம் கொடுத்தது. அப்போது காங்கிரஸில் முற்போக்குக் குழுவின் தலைவர் ஜெயபால். 'மெடிகேர் ஃபார் ஆல்' முழு மசோதாவை 2025 ஏப்ரலில் மறுபடி தாக்கல் செய்தார். பிரதிநிதிகள் சபையில் அது ஒரு முறைகூட வாக்கெடுப்புக்கு வந்ததில்லை.

உங்கள் தொகுதியில் யாராவது இதே திட்டத்தோடு நின்றால், மாற எத்தனை ஆண்டு, கம்பெனி இப்போது கட்டும் பங்கு எங்கே போகும் என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஓட்டு இல்லாதவர்களும் கேட்கலாம், நான் கேட்டிருக்கிறேன்.