கம்பைலரா, இன்டர்பிரட்டரா? புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரண்டும் நிரலை மொழிபெயர்க்கத்தானே செய்கின்றன? அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: எப்போது செய்கின்றன என்பதுதான். சி மொழியில் எழுதினால், கம்பைலர் முழு நிரலையும் முன்கூட்டியே எந்திர மொழிக்கு, அதாவது கணினியின் செயலி நேரடியாகப் புரிந்துகொள்ளும் கட்டளைகளுக்கு, மாற்றி ஒரு கோப்பாகக் கொடுத்துவிடும். அந்தக் கோப்பு ஓட, கம்பைலர் தேவையில்லை. இன்டர்பிரட்டரோ நிரல் ஓடி முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். பைத்தான் நிரலை நண்பருக்கு அனுப்பும்போது, "உன் கணினியில் பைத்தான் இருக்கிறதா?" என்று கேட்கிறோமே, அதனால்தான்.

கேள்வி: பைத்தான் வரி வரியாகப் படித்து ஓட்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சரியா?

பதில்: பாதி சரி. சோதித்துப் பாருங்கள். முதல் வரியில் 'வணக்கம்' என்று பிரின்ட் செய்யுங்கள். ஐந்தாவது வரியில், எங்கேயும் உருவாக்காத ஒரு மாறியின் பெயரை எழுதுங்கள். ஓட்டினால் வணக்கம் வரும். ஐந்தாவது வரிக்குப் போனதும் 'நேம் எரர்' என்று நின்றுவிடும். சரி, இப்போது அதே வரியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்து மூடாமல் விடுங்கள். வணக்கம்கூட வராது! காரணம், பைத்தான் முதலில் கோப்பு முழுவதையும் பைட்கோடாக (நம் நிரலுக்கும் எந்திர மொழிக்கும் இடைப்பட்ட வடிவம்) மாற்றுகிறது. அதில் தடுக்கினால் ஒரு வரியும் ஓடாது. இம்போர்ட் செய்த கோப்புகளின் பைட்கோடுதான் 'பைகேஷ்' ஃபோல்டரில் கிடக்கிறது. ஆரம்பத்தில் அதை ஏதோ வைரஸ் என்று பயந்து அழித்தேன். அடுத்த முறை ஓட்டியதும் திரும்ப வந்துவிட்டது.

கேள்வி: ஜாவா எந்தப் பக்கம்?

பதில்: இரண்டு பக்கமும். கம்பைலர் பைட்கோடு தருகிறது, ஜேவிஎம் என்ற மென்பொருள் அதை ஓட்டுகிறது. அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓட்டத்தின் நடுவிலேயே எந்திர மொழியாக்கிக்கொள்கிறது. இதற்கு ஜிட் என்று பெயர். 2008-இல் குரோமுடன் வந்த வி8 எஞ்சினும் ஜாவாஸ்கிரிப்டை எந்திர மொழியாக்கித்தான் ஓட்டியது. எனவே 'இது கம்பைலர் மொழி, அது இன்டர்பிரட்டர் மொழி' என்று மொழிக்கு முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சி-க்கும் இன்டர்பிரட்டர்கள் உண்டு.

கேள்வி: விண்டோஸில் கம்பைல் செய்த சி நிரல் லினக்ஸில் ஓடவில்லையே?

பதில்: ஓடாது. அங்கே மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

கேள்வி: பைத்தான் மெதுவானது என்கிறார்களே, நேராக சி-க்கே போகலாமா?

பதில்: கோடிக்கணக்கான முறை சுற்றும் லூப் என்றால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இணையத்திலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் நிரலில் அநேகமாகத் தெரியாது. பைத்தானிலேயே தொடங்குங்கள். ஒன்று மட்டும்: பைத்தானில் பிழை வந்தால் செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். பிறகு சி-க்குப் போகும்போது முதல் பிழையிலிருந்து தொடங்குங்கள். ஒரு அரைப்புள்ளி விட்டதற்கே பல பிழைகள் வரிசைகட்டி நிற்கும்.